"நடந்தே வர்றேன்னு வேண்டிக்கிட்டேன்!" - ஜவ்வாதுமலை அம்மாவும் மகளும் நடந்த வேளாங்கண்ணிப் பாதை

ஆகஸ்ட் கடைசி வாரம் வந்துவிட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரம் காவி நிறமாகிவிடும். காவி வேட்டி, காவிச் சேலை, காவி சுடிதார். தோளில் ஒரு துணிப்பை, கழுத்தில் ஜெபமாலை. முன்னால் தள்ளுவண்டியில் பூவும் சீரியல் பல்பும் சுற்றிய சின்னச் சப்பரம். அதற்குள் மாதா சொரூபம். ஒருவர் "மரியே" என்று குரல் கொடுக்க, "வாழ்க" என்று மற்றவர்கள் முடிக்கிறார்கள்.

எல்லோரும் போவது ஒரே ஊருக்குத்தான். ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடியேறும். செப்டம்பர் 7 மாலை பெரிய தேர். செப்டம்பர் 8 மாதாவின் பிறந்தநாள். அதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதுதான் நடப்பவர்களின் கணக்கு. சென்னையிலிருந்து வருபவர்கள் 300 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள். கர்நாடகத்திலிருந்து நடந்து வருபவர்களும் உண்டு.

அப்படி வந்த கூட்டத்தில் திருவண்ணாமலையிலிருந்து கிளம்பிய 40 பேர் கொண்ட குழுவும் ஒன்று. விழுப்புரம், கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால் என்று ஏறக்குறைய 250 கிலோமீட்டர். பத்து நாள் நடை. அந்தக் குழுவில் ஜவ்வாதுமலையிலிருந்து வந்தவர்கள் இரண்டே பேர். 43 வயது அம்மா, நர்ஸிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் 19 வயது மகள்.

குழுவில் பலர் கத்தோலிக்கர்கள். சிலர் வருடா வருடம் நடப்பவர்கள். இந்த அம்மாவின் வீட்டிலோ முருகன் படமும் காளியம்மன் படமும்தான் முதலில் மாட்டியவை. மாதா காலண்டர் பிறகு வந்தது. வேளாங்கண்ணிக்கு வருகிறவர்களில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். அங்கே யாரும் யாரையும் 'என்ன மதம்?' என்று கேட்பதில்லை.

டோலியில் போட்ட வேண்டுதல்

ஜவ்வாதுமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. இங்கே அதிகம் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிடக் கூடாது. மலையில் வாழ்பவர்கள் என்பதால் வந்த பெயர், பேசுவது தமிழ். சாமை, புளி, தேன், பலா இவைதான் மலையின் சொத்து.

இந்த மலையில்தான் காவலூர் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ம் ஆண்டு முதல் நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வானத்தைப் பார்க்க அவ்வளவு வசதி வந்துவிட்ட மலையில், சில குக்கிராமங்களுக்கு ஆம்புலன்ஸ் ஏறும் அளவுக்குச் சாலை இன்னும் வரவில்லை.

அந்த அம்மாவின் ஊரும் அப்படித்தான். 19 வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை ராத்திரியில் அவருக்குப் பிரசவ வலி வந்தது. மூங்கில் கழியில் போர்வையைக் கட்டி, டோலியாக்கி, நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வண்டி வரும் இடத்துக்குப் போக மூன்று மணி நேரம். வழுக்குப் பாறை, ஒரு ஓடை, டார்ச் வெளிச்சம்.

முன்கழியைத் தூக்கியவர் ஒரு பெரியவர். சின்ன வயதில் மிஷன் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர். வலியில் கத்திய பெண்ணிடம், "வேளாங்கண்ணி மாதாவை நினைச்சுக்கோம்மா" என்று மட்டும் சொன்னார்.

"எனக்கு அப்போ மாதா யாருன்னே தெரியாது. யாருன்னு கேட்டேன். கையில குழந்தை வெச்சிருக்கிற சாமின்னாரு. அது போதும்னு இருந்துச்சு. நானும் குழந்தையும் பொழைச்சா நடந்தே வர்றேன்னு வேண்டிக்கிட்டேன்" என்கிறார் அந்த அம்மா.

இருவரும் பிழைத்தார்கள். வேண்டுதல் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

காரணம், வேறு கடன்கள். மலையில் சாமை விளைவது ஒரு போகம்தான். மற்ற மாதங்களில் குடும்பத்தோடு கர்நாடகக் காபித் தோட்டங்களுக்குப் போவார்கள். போவதற்கு முன்பே மேஸ்திரி அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். அட்வான்ஸ் தீர்கிறவரை ஊர் திரும்ப முடியாது. திரும்பினால், வீட்டில் இருக்கும் நாலு புளியமரத்தின் காய்ப்பையும் முன்கூட்டியே பணம் கொடுத்து ஒருவர் பிடித்து வைத்திருப்பார். பிறகு மகளின் ஹாஸ்டல் கட்டணம், கணவரின் வயிற்று ஆபரேஷன். ஒன்று முடிந்தால் இன்னொன்று.

"வட்டிக்காரரு வாசல்ல வந்து நிப்பாரு. மேஸ்திரி போன்ல கத்துவாரு. மாதா 19 வருஷமா ஒருநாள்கூட வந்து கேக்கல. அதான் எனக்கு ரொம்ப உறுத்துச்சு."

தமிழில் இதற்கு நேர்த்திக்கடன் என்று பெயர். கடன்தான். ஆனால் வட்டி கிடையாது, தவணை கிடையாது, எழுதி வாங்கிய பத்திரம் கிடையாது. கடன் வாங்கியவருக்கு மட்டுமே கணக்கு தெரியும். இந்த வருடம் களை எடுப்பு முடிந்ததும் அவர் கிளம்பிவிட்டார். கல்லூரியில் விடுப்பு சொல்லிவிட்டு மகளும் உடன் வந்தாள்.

"பஸ்ல போயிட்டு வந்துடலாம்மா" என்றுதான் மகள் முதலில் சொன்னாள். "பஸ்ல வர்றேன்னு நான் சொல்லலையே பாப்பா" என்று அம்மா முடித்துவிட்டார்.

கொப்புளத்துக்கு வைத்தியம்

மூன்றாம் நாளே குழுவுக்கு அந்த மகள் தேவைப்பட்டாள். நடைப்பயணத்தில் முதலில் கை கொடுப்பதும் கைவிடுவதும் கால்தான். வெறுங்காலில் தார்ச்சாலையில் நடப்பவர்களுக்குக் கொப்புளம் கட்டாயம் வரும். "ஊசியை எடுத்துக் குத்திடாதீங்க. சீழ் பிடிச்சுக்கும். தானா உடைஞ்சா சோப்பு போட்டுக் கழுவிட்டு, மருந்து வெச்சு சுத்தமான துணியால கட்டுங்க. சர்க்கரை இருக்கிறவங்க செருப்பு இல்லாம நடக்கவே கூடாது" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருவர் காலையும் பார்ப்பாள்.

வேண்டுதல் என்று செருப்பு போட மறுத்த சர்க்கரை நோயாளி ஒருவரை, "மாதா உங்களை நடக்கத்தான் சொன்னாங்க, காலை இழக்கச் சொல்லல" என்று அதட்டி கேன்வாஸ் ஷூ வாங்க வைத்தாள். அன்றிலிருந்து குழுவில் எல்லோருக்கும் அவள் 'சிஸ்டர்'.

குழுவுக்கென்று விதிகளும் இருந்தன. அதிகாலையிலும் மாலையிலும்தான் நடை. வெயில் ஏறினால் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ படுத்துவிட வேண்டும். இருட்டில் நடக்கும்போது பையின் பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர் கட்டாயம். எதிரில் வரும் வண்டி தெரிகிற மாதிரி வலது ஓரமாக, ஒற்றை வரிசையில் நடக்க வேண்டும். இந்தச் சாலையில் யாத்ரீகர்கள் மீது வாகனம் மோதிய செய்திகள் புதிதல்ல. குழுவை அழைத்து வரும் அண்ணன் விசிலும் கையுமாகவே இருந்தார்.

தலையால் நடந்தவரின் ஊர்

செப்டம்பர் 6 மாலை குழு காரைக்காலைக் கடந்தது. நடந்து வருகிறவர்களுக்கு இந்த ஊரை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. கயிலாய மலையில் கால் பதிக்கக் கூடாது என்று தலையால் நடந்தவர் என்று பெரியபுராணம் சொல்லும் காரைக்கால் அம்மையாரின் ஊர் இது. "நமக்குக் கால் வலிக்குதுன்னு சொல்றதுக்கே வெட்கமா இருக்கு" என்று யாரோ சொல்ல, குழு சிரித்துக்கொண்டே திருமலைராயன்பட்டினம் தாண்டி நாகூருக்குள் நுழைந்தது.

நாகூரில் தர்காவின் ஐந்து மனோராக்கள் தூரத்திலிருந்தே தெரியும். அவற்றில் உயரமானதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். முஸ்லிம் பெரியவரின் தர்காவுக்கு இந்து மன்னர் கட்டிய மனோரா அது. அதன் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே மாதா பக்தர்கள் நடக்கிறார்கள். இந்தப் பக்கம் சிக்கலில் சிங்காரவேலர் கோயில், நாகூரில் தர்கா, தெற்கே வேளாங்கண்ணி. மூன்றுக்கும் ஒரே பயணத்தில் போய் வருகிற குடும்பங்கள் தமிழ்நாட்டில் நிறைய.

சாலையோரத்தில் மேசை போட்டு நீர்மோர், சுக்குக் காபி, தண்ணீர் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தொப்பி போட்ட பையன் ஒருவன் அந்த அம்மாவின் கையில் மோரைக் கொடுத்து, "உக்காந்து குடிங்கம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். அப்போதுதான் அவர் வலது காலை நீட்டி வைப்பதை மகள் கவனித்தாள். சீர்காழியிலிருந்தே முழங்கால் வலி. மகளிடம் சொல்லவில்லை.

பால் சுமந்த பையனின் பாதை

நாகூரிலிருந்து நாகப்பட்டினம் ஐந்தாறு கிலோமீட்டர். அங்கிருந்து வேளாங்கண்ணி சுமார் 12. மொத்தப் பாதையில் மிகப் பழைய பகுதி இதுதான். வேளாங்கண்ணியின் கதையே இந்தச் சாலையில்தான் தொடங்குகிறது.

மரபாகச் சொல்லப்படும் கதை இது. 16-ம் நூற்றாண்டில் வேளாங்கண்ணியிலிருந்து நாகப்பட்டினத்துக்குத் தினமும் பால் சுமந்து போன ஒரு சிறுவன், குளக்கரை ஆலமரத்தடியில் இளைப்பாறினான். கையில் குழந்தையோடு ஒரு பெண் வந்து குழந்தைக்குப் பால் கேட்டார். கொடுத்தான். தாமதமாகப் போய், பால் குறைந்ததற்காக எஜமானரிடம் மன்னிப்புக் கேட்டுப் பானையைத் திறந்தால், பால் நிறைந்து வழிந்தது. அந்தக் குளம்தான் மாதா குளம்.

இரண்டாவது கதையில் வருவது ஓர் ஏழை விதவைத் தாயின் மகன். நடக்க முடியாதவன். நடுத்திட்டு என்ற இடத்தில் மரத்தடியில் உட்கார்ந்து மோர் விற்பான். அவனிடமும் அந்தப் பெண் வந்து குழந்தைக்கு மோர் கேட்டார். பிறகு, நாகப்பட்டினத்திலுள்ள ஒரு கிறிஸ்தவப் பெரியவரிடம் போய்த் தனக்கு ஆலயம் கட்டச் சொல் என்றார். எழுந்து பார்த்தபோதுதான் கால் சரியாகிவிட்டது தெரிந்தது. பையன் நாகப்பட்டினத்துக்கு ஓடினான்.

மூன்றாவது கதை கடலில். புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் வேண்டிக்கொண்டு, செப்டம்பர் 8 அன்று இந்தக் கரையில் ஒதுங்கினார்கள். கூரைக் கோயிலாக இருந்ததைக் கல் ஆலயமாக்கினார்கள். 1962-ம் ஆண்டு போப் 23-ம் ஜான் இந்த ஆலயத்தைப் பேராலயமாக அறிவித்தார்.

முதல் இரண்டு கதைகளையும் கவனித்தால் ஒன்று புரியும். ஒருவன் பால் சுமந்தவன், ஒருவன் மோர் விற்றவன். இருவரும் கூலிக்கும் வயிற்றுக்கும் பாடுபட்ட சிறுவர்கள். இன்று லட்சக்கணக்கானவர்கள் பக்தியோடு நடக்கும் இந்த 12 கிலோமீட்டர், கதையின் தொடக்கத்தில் ஓர் ஏழைப் பையனின் தினசரி வேலைப் பாதை.

ஜவ்வாதுமலை அம்மாவுக்கு இந்தக் கதையைக் குழுவில் ஒருவர் நடந்துகொண்டே சொன்னார். அவர் கேட்ட ஒரே கேள்வி, "அந்தப் பையனுக்கு அன்னிக்கு எஜமான் கூலி குடுத்தாரா?"

"நீ அன்னிக்கு நடக்கல!"

செப்டம்பர் 7. நாகூரில் தூங்கி எழுந்து அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பினார்கள். நாகப்பட்டினத்தை நெருங்கும்போது இருட்டில் சாலையோரப் பள்ளத்தில் அம்மாவின் கால் இடறியது. விழவில்லை. ஆனால் முழங்கால் திருகிக்கொண்டது. அடுத்த அடி வைக்க முடியவில்லை.

மூடியிருந்த ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து மகள் தொட்டுப் பார்த்தாள். முழங்கால் வீங்கி, சூடாக இருந்தது. காலை ஊன்றினாலே முகம் சுருங்கியது.

"இதுக்கு மேல நடக்கக் கூடாதும்மா. நடந்தா ஆபரேஷன் வரைக்கும் போயிடும்."

"இன்னும் 12 கிலோமீட்டர்தான் பாப்பா. மெதுவா வந்துடறேன்."

"250-ல 238 நடந்துட்டியே. போதாதா?"

"கடன்ல கடைசித் தவணை கட்டலைன்னா, கட்டின தவணையெல்லாம் கணக்குல வருமா?"

அதற்கு மகளிடம் உடனே பதில் இல்லை. வீட்டில் அட்வான்ஸ் கணக்கு எழுதிய நோட்டுகளைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

விசில் அண்ணன் வந்தார். "அக்கா, வண்டியில ஏறி உக்காருங்க. மாதா ஒண்ணும் நினைக்காது."

"மாதா நினைக்காதுப்பா. நான் நினைப்பேனே."

குழு காத்திருந்தது. சிலர் அம்மா பக்கம். விழுந்து எழுந்தாவது போய்விட வேண்டும் என்றார்கள். முழங்காலில் மாதா பெயரைச் சொல்லி எண்ணெய் தடவச் சொன்னார் ஒருவர். சிலர் மகள் பக்கம். மகள் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"ம்மா, நீ எப்போ வேண்டிக்கிட்ட?"

"நீ பொறந்த அன்னிக்கு."

"அப்போ நீ நடந்தியா?"

அம்மா பேசவில்லை.

"நீ அன்னிக்கு நடக்கல. நாலு பேரு நடந்தாங்க. உன்னைத் தூக்கிட்டுப் போனாங்க. நான் உன் வயித்துக்குள்ள இருந்தேன். பொழைச்சது நாம ரெண்டு பேரும். அப்போ கடன்ல பாதி என்னோடது. உன் பாதியை நீ நடந்துட்ட. என் பாதியை நான் நடக்கிறேன். அன்னிக்கு டோலியில போனா தப்பில்ல, இன்னிக்கு வேன்ல போனா மட்டும் தப்பா?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த அம்மா தோளில் மாட்டியிருந்த துணிப்பையைக் கழற்றினார். அதில் மாதாவுக்கென்று மலையிலிருந்து கொண்டு வந்த சாமை இருந்தது. இரண்டு படி. பத்து நாளாக யாரிடமும் கொடுக்காமல் அவரே சுமந்து வந்தது.

"அப்போ இதையும் நீயே தூக்கு" என்று மகளிடம் நீட்டினார். முழங்காலில் துணியைக் கட்டிக்கொண்டு, குழுவின் சாமான் வேனில் ஏறி உட்கார்ந்தார்.

சான்றிதழ் இல்லாத நடை

உலகப் புகழ்பெற்ற இன்னொரு கிறிஸ்தவ நடைப்பயணம் ஸ்பெயினில் இருக்கிறது. சாந்தியாகோ நகரில் புனித யாகப்பரின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் பேராலயத்துக்குப் போகும் பாதை. அங்கே குறைந்தபட்சம் கடைசி 100 கிலோமீட்டரையாவது நடந்து முடிப்பவர்களுக்கு 'கம்போஸ்டெலா' என்ற சான்றிதழ் தருகிறார்கள். வழியில் முத்திரை வாங்கிக்கொண்டே வர வேண்டும். அதே ஐரோப்பாவில், இடைக்காலத்தில், முடியாதவர்களுக்காக இன்னொருவர் நடந்து நேர்த்திக்கடனைத் தீர்க்கும் வழக்கமும் இருந்தது. ஜவ்வாதுமலை மகளுக்கு அந்த வழக்கம் தெரியாது. ஆனால் டீக்கடை பெஞ்சின் முன்னால் அவள் போட்ட கணக்கு அதற்கு வெகுதூரத்தில் இல்லை.

வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது. எங்கிருந்து நடந்தாய், எவ்வளவு தூரம் வேனில் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு 2010-ம் ஆண்டு முதல் ரயில் பாதையே இருக்கிறது. பேருந்து ஓயாமல் ஓடுகிறது. இருந்தும் நடக்கிறார்கள்.

விடிந்தபோது மகள் நாகப்பட்டினத்தைத் தாண்டியிருந்தாள். இடது பக்கம் கடல் கண்ணில் படவில்லை. காற்றில் உப்பு மட்டும் இருந்தது. இந்தக் கரையை 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அடித்தபோது அவள் பிறந்திருக்கவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற யாத்ரீகர்கள் பலரும் அதில் போனார்கள். குழுவில் வந்த ஒரு தாத்தா, பாதையோரம் ஓரிடத்தில் நின்று, கடல் பக்கம் திரும்பி ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு நடந்தார். யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை.

முதல் நான்கு கிலோமீட்டர் மகளுக்குச் சுலபமாக இருந்தது. அதன்பிறகு சாமைப் பை கனக்க ஆரம்பித்தது. இரண்டு படி பெரிய பாரமில்லை. ஆனால் ஒரே தோளில் மாட்டினால் பட்டை அறுக்கிறது. கையில் பிடித்தால் விரல் மரத்துப்போகிறது. தலையில் வைத்தால் கழுத்து வலிக்கிறது. பத்து நாள் இதை அம்மா எப்படித் தூக்கினார் என்று அப்போதுதான் யோசித்தாள். மற்றவர்களின் பாதத்தையெல்லாம் பார்த்தவள், அம்மாவின் தோளைப் பார்த்திருக்கவில்லை.

"குடு சிஸ்டர், நான் கொஞ்ச நேரம் தூக்கறேன்" என்று கேட்டார்கள். "வேண்டாங்க" என்று நடந்தாள்.

மணல் பாதையில்

வெயில் ஏறும் முன்பே பேராலயத்தின் வெள்ளைக் கோபுரங்கள் தெரிந்தன. பார்த்த இடத்திலேயே பலர் சாலையில் விழுந்து கும்பிட்டார்கள். ஊர் எல்லையில் சாமான் வேன் நின்றிருந்தது. அம்மா இறங்கி, வேனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மகள் பையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "நீயே கொண்டாந்து குடு" என்றார்.

மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்தபடி அவர் கடைசித் தெருவை நடந்தார். திருவிழாக் கூட்டம் நெருக்கித் தள்ளியது. மொட்டை போட்ட குழந்தைகள், தென்னங்கன்று சுமந்த ஆண்கள், வெள்ளியில் செய்த கண்ணும் காலும் தொட்டிலும் வாங்கிப்போகும் பெண்கள். வரிசையில் மூன்று மணி நேரம் நின்று உள்ளே போனபோது, மாதாவைப் பார்க்கக் கிடைத்தது ஒரு நிமிடம்கூட இல்லை. சாமையைக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். வாங்கியவர் பையைத் திறந்து பார்த்து, "இது என்ன, தினையா?" என்று கேட்டார். "சாமைங்க. மலையில வெளஞ்சது" என்றார் அம்மா.

மாதா குளத்துக்குப் போகும் வழியில் மணல் பாதை இருக்கிறது. பக்தர்கள் அதில் முழங்காலிட்டே நகர்ந்து போவார்கள். ஒரு ஓரமாக நின்று அதைப் பார்த்த அம்மா, சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்தார். மகள் ஒரு பார்வை பார்த்தாள். அம்மா சேலையை விட்டுவிட்டார். இருவரும் சிரித்தார்கள்.

அன்று மாலை பெரிய தேர் பார்த்தார்கள். மறுநாள் திருப்பலி முடிந்து கொடி இறங்குவதற்குள் ஊருக்குப் பேருந்து பிடிக்க வேண்டும். கிளம்பும் முன் அம்மா கடைத்தெருவுக்குப் போக வேண்டும் என்றார். மெழுகுவத்தி, பேரீச்சம்பழம், மாதா எண்ணெய் பாட்டில். எல்லாம் நான்கு நான்காக வாங்கினார்.

"யாருக்கும்மா நாலு?"

"அன்னிக்குத் தூக்கினவங்களுக்கு. முன்னாடி பிடிச்ச பெரியவர் செத்துட்டாரு. அவர் பொண்டாட்டி இருக்கு. மத்த மூணு பேரு இருக்காங்க."

பையில் அடுக்கிக்கொண்டே சொன்னார். "மாதாவுக்கு நடந்து தீர்த்தாச்சு. இவங்களுக்கு எதைக் குடுத்துத் தீர்க்கிறது பாப்பா? அவங்களும் இன்னிவரைக்கும் கேக்கல."

ஜமுனாமரத்தூர் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, சாலை முடியும் இடத்தில் இறங்கியபோது சாயங்காலம். போன் பண்ணிச் சொல்லியிருந்ததால் அந்த மூவரில் இரண்டு பேர் வந்து நின்றிருந்தார்கள். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. கட்டுப்போட்ட முழங்காலைப் பார்த்துவிட்டு ஒருவர், "என்னா தங்கச்சி, மறுபடியும் டோலி கட்டணும் போலிருக்கே!" என்றார்.

"வேணாம்ணா. அதை அவசரத்துக்கு வெச்சுக்கலாம்" என்றார் அந்த அம்மா.

ஊருக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர். மகள் ஒரு பக்கமும் அண்ணன் ஒருவர் மறுபக்கமும் பிடித்துக்கொள்ள, பாறைகளில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து ஏறினார்கள். பேரீச்சம்பழப் பையை இன்னொரு அண்ணன் தூக்கிக்கொண்டார். வழியில் சாமைக் கொல்லையைப் பார்த்து அம்மா நின்றார். பன்னிரண்டு நாளில் களை மறுபடியும் தலை தூக்கியிருந்தது.